ஒரே தடுப்பூசி: சிறுவனுக்கும் சிறுமிக்கும் ஒரே பலனா?



ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தைகள். ஒருவன் ஆண், ஒருத்தி பெண். இருவரையும் ஒரே நாளில் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று ஒரே தடுப்பூசியைப் போடுகிறார்கள். மருந்தின் அளவு ஒன்று. ஊசி போட்ட தாதியும் ஒருவரே. இருவர் உடலும் அந்த மருந்துக்கு ஒரே மாதிரியாகப் பதில் தருமா?

"ஒரே மருந்துதானே, இதில் என்ன சந்தேகம்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால், உலகின் முதல் மலேரியாத் தடுப்பூசியைப் பரவலாகக் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவில் இந்தக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் நடத்திய ஒரு சோதனையின் கணக்கை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தபோது, சிறுமிகளின் பக்கத்தில் கவலை தரும் ஓர் எண் தென்பட்டது. அந்த எண் உண்மை என்றால் தடுப்பூசி சிறுமிகளுக்குக் கேடு. அது தற்செயல் என்றால், அதைக் கண்டு தடுப்பூசியை நிறுத்துவது எல்லாக் குழந்தைகளுக்கும் கேடு. விஞ்ஞானிகள் இந்தச் சிக்கலிலிருந்து எப்படி வெளியே வந்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

நம் மண்ணில் மலேரியா

மலேரியா நமக்கு அந்நியமான நோய் அன்று. ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த தாத்தா, பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'முறைக்காய்ச்சல்', 'குளிர்காய்ச்சல்', 'கொய்னா மாத்திரை' போன்ற சொற்கள் அவர்கள் பேச்சில் வரக்கூடும். காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே கொய்னா கொடுத்து விழுங்கச் செய்த தோட்டங்கள் அந்தக் காலத்தில் இருந்தன.

பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டிலேயே ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏற ஏற, மலாயாவின் குன்றுகளில் காடு வெட்டித் தோட்டம் போடும் வேலை வேகம் பிடித்தது. அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காட்டை வெட்டிய பிறகு பல தோட்டங்களில் மலேரியா கடுமையாகத் தாக்கியது.

ஏன்? இதற்கான விடையை மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கண்டறிந்தார். 1901-இல் கிள்ளானில் பணியைத் தொடங்கிய அவர், சதுப்பு நிலங்களை வடித்து, அங்கே மலேரியாவை வெகுவாகக் குறைத்தார். கரையோரச் சதுப்புக் காட்டின் நிழலில் வாழும் கொசு ஒரு வகை. மரங்களை வெட்டி நீரை வடித்தால் அது ஒழிந்துவிடும். ஆனால், குன்றுகளில் வேறொரு கொசு இருந்தது. அதன் பெயர் அனோபிலிஸ் மாகுலாட்டஸ். வெயில் படும் தெளிந்த நீரோடைகளில்தான் அது முட்டையிடும். மரங்களை வெட்டியதும் ஓடைகளில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. அதனால் குன்றுப் பகுதிகளில் ஓடை நீரை நிலத்துக்கடியில் புதைத்த குழாய்களில் ஓட விட்டார்கள். திறந்த நீரில் எண்ணெய் தெளித்தார்கள்.

காட்டை வெட்டுவது என்ற ஒரே செயல், ஓரிடத்தில் மலேரியாவைக் குறைத்தது, இன்னோரிடத்தில் கூட்டியது. இரண்டு இடங்களையும் ஒரே கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால் உண்மை தெரிந்திருக்காது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிக் கதையிலும் இதே பாடம் வரப்போகிறது.

இன்று நம் நாட்டின் நிலை வேறு. 2018-ஆம் ஆண்டு முதல், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா மலேசியாவில் உள்ளூரில் ஏற்படவில்லை. ஆனால், குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குத் தாவும் பிளாஸ்மோடியம் நோலசி என்ற வகை இன்னும் இருக்கிறது. சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் பலருக்கு இந்தத் தொற்று இருந்ததை பல்பீர் சிங்கும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

நோலசி மலேரியாவால் பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் வளர்ந்த ஆண்கள். அப்படியானால் ஆண்களின் உடல் பலவீனமானதா? அவசரப்பட வேண்டாம். காட்டோரம் மரம் வெட்டுவதும், தோட்டம் திருத்துவதும், இரவில் காட்டில் தங்குவதும் பெரும்பாலும் ஆண்கள். கொசுக்கடி அவர்களுக்கே அதிகம். இந்த வேறுபாடு பெருமளவுக்கு வேலையால் வருவது. எனவே ஆண், பெண் எண்ணிக்கையில் வித்தியாசத்தைக் கண்டால் முதலில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது வாழ்க்கை முறையால் வந்ததா? உடலின் இயல்பால் வந்ததா?

தடுப்பூசியில் இந்தக் குழப்பம் குறைவு. சிறுவனுக்கும் சிறுமிக்கும் நாமே அளந்து ஒரே அளவு மருந்தைக் கொடுக்கிறோம். அதன் பிறகு வித்தியாசம் தெரிந்தால், உடலின் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது?

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்னும் ஒட்டுண்ணி. கொசு கடிக்கும்போது, ஊசி போன்ற வடிவமுள்ள அதன் இளநிலை உயிரணுக்கள் நம் உடலுக்குள் நுழைகின்றன. இவற்றை ஸ்போரோசோயிட் என்பார்கள். இவை விரைவில் கல்லீரலை அடைந்து, அங்கே ஒளிந்து ஆயிரக்கணக்கில் பெருகுகின்றன. பல நாள் கழித்து வெளியே வந்து இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. குளிரும் காய்ச்சலும் அப்போதுதான் தொடங்கும்.

திருடன் வீட்டுக்குள் புகுந்த பிறகு தேடுவதைவிட வாசலிலேயே பிடிப்பது நல்லது அல்லவா? 1967-இல் நியூயார்க்கில் ரூத் நுசென்ஸ்வைக் என்ற அறிவியலாளரின் குழு, எக்ஸ்-கதிர் பாய்ச்சி வலுவிழக்கச் செய்த ஸ்போரோசோயிட்டுகளை எலிகளுக்குச் செலுத்தியது. அந்த எலிகளில் பல பின்னர் வந்த உண்மையான தொற்றிலிருந்து தப்பின. அந்த வாசல் வழியைத்தான் பின்னால் வந்த தடுப்பூசிகளும் பிடித்துக்கொண்டன.

ஆர்.டி.எஸ்.எஸ். என்பது அப்படி உருவான தடுப்பூசி. ஸ்போரோசோயிட்டின் மேல் போர்த்தியிருக்கும் ஒரு புரதத்தின் துண்டு அதில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் நம் உடல் எதிர்ப்பொருள்களை, அதாவது ஆண்டிபாடிகளை உருவாக்குகிறது. உடல் நன்றாக விழித்துக்கொள்ள ஓர் ஊக்கப்பொருளும் சேர்க்கப்பட்டுள்ளது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும் பொருள் அந்த ஊக்கியில் இருக்கிறது. நீரில் போட்டுக் கலக்கினால் சீயக்காய், பூந்திக்கொட்டை போல நுரைக்கும் பட்டை அது.

2009 முதல் 2014 வரை ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 15,459 குழந்தைகளிடம் இந்தத் தடுப்பூசி சோதிக்கப்பட்டது. ஐந்து முதல் பதினேழு மாத வயதில் ஊசியைத் தொடங்கி நான்கு தவணையும் பெற்ற குழந்தைகளுக்கு, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் 36 விழுக்காடு குறைந்தது. முழுப் பாதுகாப்பு இல்லைதான். ஆனால், ஒரே குழந்தைக்கு ஆண்டுக்குப் பலமுறை மலேரியா வரும் ஊர்களில் இது பெரிய உதவி.

ஆண் உடல், பெண் உடல்: என்ன வேறுபாடு?

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். நோய் எதிர்ப்பாற்றலில் ஆணும் பெண்ணும் வேறுபடக் காரணம் உண்டா? உண்டு. முக்கியமானவை இரண்டு.

முதலாவது குரோமோசோம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள்; ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். நோய் எதிர்ப்போடு தொடர்புடைய பல மரபணுக்கள் எக்ஸில் இருக்கின்றன. பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டில் ஓர் எக்ஸ் பெருமளவுக்கு ஓய்வு நிலைக்குப் போய்விடும் என்று பிரிட்டனைச் சேர்ந்த மேரி லயன் 1961-இல் விளக்கினார். ஆனால், எல்லா மரபணுக்களும் ஓய்வெடுப்பதில்லை. கிருமியின் ஆர்.என்.ஏ.யை மோப்பம் பிடிக்கும் டி.எல்.ஆர்.-7 என்ற மரபணு, பெண்களின் சில நோய் எதிர்ப்பு உயிரணுக்களில் இரண்டு எக்ஸிலிருந்தும் வேலை செய்வதை 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு வாசலுக்கு இரண்டு காவலர் இருப்பது போல.

எக்ஸ் குரோமோசோமின் விளையாட்டு உங்களுக்குப் புதிது அன்று. நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி-6-பி-டி குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த மரபணுவும் எக்ஸில்தான் இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால், அதில் குறை இருந்தால் ஈடுகட்ட மற்றொன்று இல்லை. அதனால்தான் இந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுகிறது.

இரண்டாவது காரணம் ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் பொதுவாக எதிர்ப்பொருள் உற்பத்திக்குத் துணை போகிறது. டெஸ்டோஸ்டிரோன் அதைச் சற்றே அடக்கி வைக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருந்த ஆண்களிடம் சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்கான எதிர்ப்பொருள் குறைவாக இருந்ததை 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. 2008-இல் வெளியான இன்னோர் ஆய்வில், பாதி அளவு சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களின் எதிர்ப்பொருள் அளவு, முழு அளவு போட்டுக்கொண்ட ஆண்களின் அளவுக்கு நிகராக இருந்தது.

அப்படியானால் பெண்களுக்கு லாபம்தானே என்று மாணவிகள் மகிழலாம். ஆனால், இந்த விழிப்புக்கு விலையும் உண்டு. உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோய்கள் வருவோரில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் பெண்கள். தடுப்பூசி போட்டபின் காய்ச்சலும் கைவலியும் கூட பெண்களிடமே அதிகம் பதிவாகின்றன. வலுவான பதில் எப்போதும் நல்ல பதில் என்று சொல்லிவிட முடியாது.

ஒரு எச்சரிக்கை. இவை சராசரிகள். உங்கள் வகுப்பு ஆண்களின் சராசரி உயரம் பெண்களைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதற்காக ஒவ்வோர் ஆணும் ஒவ்வொரு பெண்ணையும்விட உயரம் என்று ஆகாது.

சேர்த்த கணக்கு மறைப்பது என்ன?

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். தடுப்பூசி போடாத 100 பிள்ளைகளில் 50 ஆண், 50 பெண். ஆண்களில் 20 பேருக்கும் பெண்களில் 20 பேருக்கும் நோய் வந்தது. மொத்தம் 40. தடுப்பூசி போட்ட இன்னொரு 100 பேரிலும் 50 ஆண், 50 பெண். அங்கே நோய் வந்தவர்கள் மொத்தம் 20. நோய் பாதியாகக் குறைந்தது. தடுப்பூசியின் பலன் 50 விழுக்காடு என்று எழுதிவிடுவோம்.

இப்போது பிரித்துப் பாருங்கள். அந்த 20 பேரில் ஆண்கள் 5, பெண்கள் 15 என்று வைத்துக்கொள்வோம். ஆண்களுக்கு நோய் 20-லிருந்து 5-ஆகக் குறைந்தது. பலன் 75 விழுக்காடு. பெண்களுக்கு 20-லிருந்து 15. பலன் 25 விழுக்காடுதான். '50' என்ற எண் இருவரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை!

நிஜ உலகில் இப்படி ஓர் அனுபவம் ஏற்கெனவே இருந்தது. தட்டம்மைத் தடுப்பூசியை வழக்கத்தைவிடச் சிறு வயதிலேயே கொடுக்க வேண்டும் என்பதற்காக, மருந்தின் வலிமையைப் பல மடங்கு கூட்டிய ஒரு வகையை 1989-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தட்டம்மையைத் தடுப்பதில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால், மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ், செனகல் ஆகிய நாடுகளிலும் ஹைத்தியிலும், அந்த ஊசி பெற்ற சிறுமிகள் மற்றவர்களைவிட அதிகமாக இறப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். கினி-பிசாவில் நெடுங்காலம் உழைத்த பீட்டர் ஆபி அவர்களில் ஒருவர். 1992-இல் அந்தப் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. கவனியுங்கள்: இன்று நம் குழந்தைகளுக்கு ஒன்பது மாதத்திலும் பன்னிரண்டு மாதத்திலும் போடப்படும் தட்டம்மைத் தடுப்பூசி அது அன்று. இது வழக்கமான வலிமையுள்ளது. பல ஆண்டுகளாக உயிர் காத்து வருவது.

கவலை தந்த எண்

இந்தப் பின்னணியில்தான் 2016-இல் ஒரு சிறு கட்டுரை வெளியானது. எழுதியவர்களில் ஆண், பெண் நோய் எதிர்ப்பாற்றலை ஆராயும் அமெரிக்காவின் சப்ரா கிளைனும் மேலே சொன்ன பீட்டர் ஆபியும் இருந்தார்கள். ஆர்.டி.எஸ்.எஸ். சோதனையில் நேர்ந்த எல்லா இறப்புகளையும், காரணம் எதுவாக இருந்தாலும் சரி, அவர்கள் ஆண், பெண் என்று பிரித்தார்கள்.

சிறுவர்களிடம் தடுப்பூசிக் குழுவில் இறப்பு கூடவில்லை. ஆனால், மலேரியாத் தடுப்பூசி பெற்ற சிறுமிகளின் இறப்பு விகிதம், வேறு தடுப்பூசி பெற்ற ஒப்பீட்டுக் குழுச் சிறுமிகளைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

படித்தவுடன் அதிர்ச்சியாக இருக்கிறது அல்லவா? ஆனால், அறிவியல் மாணவராக இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: இறந்தவர்களின் எண்ணிக்கை எவ்வளவு? சோதனையில் சேர்ந்த குழந்தைகளுக்கு நல்ல மருத்துவக் கவனிப்பு கிடைத்ததால் இறப்புகள் மொத்தத்தில் குறைவு. எண்ணிக்கை சிறிதாக இருந்தால் தற்செயலாகவே பெரிய வித்தியாசம் தெரியலாம். ஒப்பீட்டுக் குழுச் சிறுமிகளின் இறப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக அமைந்துவிட்டதால்தான் மற்றக் குழு உயர்ந்து தெரிகிறது என்ற விளக்கமும் முன்வைக்கப்பட்டது.

இரண்டாவது கேள்வி: 'சிறுமிகள் அதிகம் இறப்பார்களா?' என்பது சோதனை தொடங்கும்போதே கேட்ட கேள்வியா, முடிவுகளைப் பார்த்தபின் எழுந்த கேள்வியா? இங்கே அது பின்னால் எழுந்த கேள்வி. தேர்வு முடிந்து வினாத்தாளைப் பார்த்தபின், "இந்தக் கேள்விதான் வரும் என்று நினைத்தேன்" என்று சொல்லும் நண்பனை நாம் எவ்வளவு நம்புவோம்? முடிவுகளை வயது, ஊர், எடை, ஆண், பெண் என்று இருபது விதமாகப் பிரித்தால், எங்காவது ஓரிடத்தில் தற்செயலாக ஒரு 'வித்தியாசம்' தலைகாட்டும்.

மூன்றாவது கேள்வி: உடலியல் விளக்கம் பொருந்துகிறதா? இவர்கள் பச்சிளம் குழந்தைகள். ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் சற்று உயர்ந்து, ஆறு மாதத்துக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் பருவ வயது வரை இரு பாலரிடமும் பாலின ஹார்மோன்கள் குறைவுதான். அதனால் ஹார்மோன் விளக்கம் இங்கே அவ்வளவு வலுவாக நிற்கவில்லை. எக்ஸ் குரோமோசோமோ பிறந்த நாள் முதல் வேலை செய்கிறது. ஆகவே 'நடக்கவே முடியாது' என்றும் தள்ளிவிட முடியாது.

அப்போது மலேரியாவால் ஆண்டுதோறும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகள். தடுப்பூசியை நிறுத்தினால் அவர்களுக்கு யார் பதில் சொல்வது? நிறுத்தாமல் விட்டு, எண் உண்மையாகிவிட்டால் சிறுமிகளுக்கு யார் பதில் சொல்வது?

மீண்டும் கேட்டார்கள், இம்முறை முன்கூட்டியே

விடை விவாதத்தில் இல்லை, இன்னொரு சோதனையில் இருந்தது. 2019 ஏப்ரலில் மலாவியில் தொடங்கி, அதே ஆண்டில் கானாவிலும் கென்யாவிலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் தடுப்பூசி முன்னோட்டத் திட்டமாகக் கொடுக்கப்பட்டது. எந்தப் பகுதிகள் முதலில் பெறும், எந்தப் பகுதிகள் பிறகு பெறும் என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் ஊராக இறப்புகளைப் பதிவு செய்தார்கள். 'தடுப்பூசியால் சிறுமிகளின் இறப்பு கூடுகிறதா?' என்ற கேள்வியை இம்முறை தொடக்கத்திலேயே எழுதி வைத்தார்கள். வினாத்தாள் வருவதற்கு முன்பே கேள்வியைச் சொல்லிவிட்டார்கள்!

இந்தத் திட்டத்தின் மீதும் விமர்சனம் வந்தது. இப்படி ஓர் ஐயம் இருப்பதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டாமா என்று மருத்துவ அறநெறி அறிஞர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு சோதனை நல்ல விடை தருவது மட்டும் போதாது, அதில் பங்கு பெறுபவர்களை மதிப்பதும் அறிவியலின் கடமைதான்.

விடை என்ன? மூன்று நாடுகளிலும் சேகரித்த கணக்குகளில், சிறுமிகளுக்குத் தனியாகத் தீங்கு என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2021 அக்டோபர் 6-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் இந்தத் தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. 2023-இல் அறிவித்த முடிவு இன்னும் தெளிவானது. தடுப்பூசி கொடுத்த பகுதிகளில், அதைப் பெறும் வயதிலிருந்த குழந்தைகளின் இறப்பு 13 விழுக்காடு குறைந்திருந்தது. விபத்துக் காயங்களால் நேர்ந்த இறப்புகள் மட்டும் இதில் சேரவில்லை. ஆண், பெண் என்று பிரித்தபோதும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் 2016-இல் எழுப்பிய ஐயம் வீண்தானா? இல்லை. ஐயம் எழுந்ததால்தான் சோதனையில் அந்தக் கேள்வி இடம்பெற்றது. இன்று ஒரு தாய், "என் மகளுக்கு இது பாதுகாப்பானதா?" என்று கேட்டால், சுகாதாரப் பணியாளர் 'பாதுகாப்பானதாகத்தான் இருக்கும்' என்று ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. 'எண்ணிப் பார்த்தோம்' என்று சொல்லலாம். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

கதை முடிந்துவிடவில்லை

சிறுமிகளுக்குத் தீங்கில்லை என்பதால், மலேரியாவை எதிர்ப்பதில் இரு பாலரும் ஒன்றே என்று ஆகிவிடாது. 2020-இல் வெளியான உகாண்டா நாட்டு ஆய்வு ஒன்றைப் பாருங்கள். மலேரியா ஒட்டுண்ணி ஆண், பெண் இருவரையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் தொற்றியது. ஆனால், காய்ச்சல் இல்லாமல் இரத்தத்தில் ஒளிந்திருந்த ஒட்டுண்ணியைப் பெண்களின் உடல் ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரைவாக வெளியேற்றியது. கதிர் பாய்ச்சிய ஸ்போரோசோயிட்டைத் தடுப்பூசியாகக் கொடுத்த எலிகளிலும், வளர்ந்த பெண் எலிகளுக்கு ஆண் எலிகளைவிடக் கூடுதல் பாதுகாப்பு கிடைத்ததாக 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் தேட வேண்டிய திசையை அது காட்டுகிறது.

பெண்களுக்கென்றே ஓர் ஆபத்தும் உண்டு. கருவுற்ற பெண்ணின் நச்சுக்கொடியில் மலேரியா ஒட்டுண்ணி ஒட்டிக்கொள்ளும். அதுவரை சேர்த்து வைத்த எதிர்ப்பாற்றலை அது அங்கே ஏமாற்றிவிடுகிறது. முதல் பிரசவத்தில்தான் ஆபத்து அதிகம். எனவே இளம்பெண்களுக்கு உரிய மலேரியாத் தடுப்பூசிகளையும் மாலி நாட்டில் சோதித்து வருகிறார்கள்.

இதற்கிடையில் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம் உருவாக்கி, இந்தியாவின் புனே நகரிலுள்ள சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்-21 என்ற இரண்டாவது தடுப்பூசியை 2023 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆர்.டி.எஸ்.எஸ். தடுப்பூசியின் தயாரிப்பு நுட்பமும் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு வருகிறது. ஆனாலும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

செய்து பாருங்கள்

வகுப்பில் 20 குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு 10 சென் நாணயத்தைப் பத்து முறை சுண்ட வேண்டும். பத்தில் எட்டோ அதற்கு மேலோ ஒரே பக்கம் விழுந்த குழுக்கள் எத்தனை என்று எண்ணுங்கள். கணக்குப்படி ஏறக்குறைய இரண்டு குழுக்களில் இப்படி நடக்கும். அந்த நாணயங்களில் கோளாறு எதுவும் இல்லை. அது தற்செயல்.

இப்போது அந்தக் குழுக்களை மட்டும் மீண்டும் நூறு முறை சுண்டச் சொல்லுங்கள். வித்தியாசம் மறைந்துவிட்டால், அது தற்செயல் என்று நம்பலாம். மறையாமல் நின்றால் நாணயத்தை எடுத்து உற்றுப் பாருங்கள். மலாவியிலும் கானாவிலும் கென்யாவிலும் செய்ததும் அடிப்படையில் இதுதான்.

அடுத்த முறை உங்கள் அறிவியல் செயல்திட்டத்தில் மாணவர்களிடம் ஏதாவது அளந்தால், தாளில் ஆண், பெண் என்று இரண்டு பத்திகள் போட்டு எழுதுங்கள். இறுதியில் கூட்டிக்கொள்வது சுலபம். தொடக்கத்திலேயே சேர்த்து எழுதிவிட்டால் பின்னால் பிரிக்கவே முடியாது. பிரித்துப் பார்த்து வித்தியாசம் தெரிந்தால், உடனே முடிவு சொல்லாமல் இன்னொரு முறை அளந்து பாருங்கள்.